கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு அவர் வந்தார்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அந்த மத்தியானமே எனக்கு எங்கள் வீட்டுக் கக்கூஸ் ஞாபகம் வந்துவிட்டது.

பின்பக்கம், வெட்டவெளி முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டும். இரண்டு படி ஏறவேண்டும். குந்தி எழும் பழைய மாதிரி. கதவு அவ்வளவு குறுகல், அவர் நல்லா இருந்த காலத்திலேயே உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நுழைவார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். இப்போது வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சு குழறியது. அந்த உடம்பை நான் எப்படி இரண்டு படி ஏற்றுவேன்? ஏற்றினாலும் எப்படிக் குந்தவைப்பேன்?

நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டேப்பைக் கொண்டுபோய்க் கக்கூஸை அளந்தேன். பக்கத்திலேயே குளிக்கிற அறை. நடுச்சுவரை இடித்துவிட்டால் ஒரே அறையாகும். படியை எடுத்துவிட்டுத் தரையைச் சரிவாகக் கொண்டுவரலாம். கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்று யோசித்தேன். அவரும், அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு நானும் சேர்ந்து நுழைகிற அகலம். துணி வெட்டுவதற்கு முன் படம் போடுகிற காக்கித்தாளில் அதையெல்லாம் வரைந்தேன். நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ், பிடித்துக்கொண்டு எழ ஒரு இரும்புக் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ்.

மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "சரிங்க அக்கா, அண்ணன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்தவர். நம்பிக்கையான ஆள். வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார். சாயங்காலம் பார்த்தால் பின்பக்கம் வெறும் செங்கல் குவியலும், செப்டிக் டேங்க் வரைக்கும் வெட்டிய நீளமான பள்ளமும்தான் இருந்தன.

மறுநாள் மேஸ்திரி வரவில்லை. போன் போகவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், "இனிமே வூட்ல வெச்சே பாத்துக்கலாம்மா, கூட்டிக்கினு போங்க" என்று மூத்திரம் போக வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வீட்டில் கக்கூஸ் இடித்துக் கிடக்கிறது என்று அத்தனை பேர் எதிரில் சொன்னேன். கட்டில் இல்லாமல் தரையில் படுத்திருந்தவர்களைக் காட்டினாள் நர்ஸ்.

இப்படித்தான் அவர் கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு வந்தார்.

நான் போவதற்குப் பக்கத்து வீடு இருந்தது. இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் வீடு. பாயம்மா, "எந்நேரம்னாலும் வா, கதவத் தட்டக்கூடத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டிலும் படி ஏறித்தான் போகவேண்டும். அவருக்கு அது உதவாது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் பக்கெட் வைத்து, முன்னறையில் என் புடவையைத் திரையாகக் கட்டினேன். அதே அறையில்தான் தையல் மிஷின். துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலோடு நிற்கவேண்டியதுதான்.

அவர் அந்த நாற்காலியை ஒருமுறை பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேறு மேஸ்திரிகளைத் தேடி அலைந்தேன். கடைத்தெருவில் இருவரைப் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவரைப் பார்த்தேன். எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான். "யாரு புடிச்ச வேலைங்க இது?" பேரைச் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் பாதியில் விட்ட வேலையில், அவர் வாய்விட்டுச் சொல்லாமல் இன்னொருத்தர் கைவைக்கமாட்டாராம். "அவரு ஒரு வார்த்த சொன்னா போதும், நாளைக்கே வந்துடறேன்" என்றார் ஒருவர். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எங்கே போவேன்?

மேஸ்திரியிடம் வேலை செய்யும் சித்தாள் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். "அவுரு மலைக்குப் போயிட்டாருக்கா. வெள்ளிமலைக்கு அந்தாண்ட அவங்க அப்பா ஊரு. இன்னா விசயம்னு தெரியல. அங்க டவரு கெடைக்காது" என்றாள்.

மறுநாள் காலையில் பாய் கடைக்குப் போகாமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். "நீ போய்ட்டு வாம்மா. ஆம்பளைக்கு ஆம்பள நான் பாத்துக்கறேன்" என்றார். கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மலையில் வளைந்து வளைந்து ஏறும்போது பக்கத்தில் இருந்தவர்கள் ஜன்னலில் வாந்தி எடுத்தார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை. மேஸ்திரியைப் பார்த்ததும் என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வீட்டைக் கக்கூஸ் இல்லாமல் ஆக்கிவிட்டு ஓடுகிறாயே, நீ மனுசனா? உனக்கு அம்மா அப்பா இல்லையா?

வெள்ளிமலையில் இறங்கி, விசாரித்து, மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தேன். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மேஸ்திரி தலையை மொட்டை அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அப்பாதான் தவறியிருந்தார்.

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. பெண்களோடு போய் உட்கார்ந்தேன். யாரோ ஒரு அம்மா, நான் யார் என்றுகூடக் கேட்காமல் ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தார். துக்க வீட்டில் வந்து கக்கூஸைப் பற்றிப் பேசுவதா? எழுந்து திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. போனால் அங்கே அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

மேஸ்திரியே எழுந்து வந்தார். "அக்கா, சொல்லாம வந்துட்டேன். ராத்திரியோட ராத்திரியா தகவல் வந்துச்சு. அண்ணன் எப்படி இருக்காரு?"

"வூட்டுக்கு அனுப்பிட்டாங்க மேஸ்திரி" என்றேன். அழுதேன். சாவுக்கு வந்தவள் அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "காரியம் முடியாம நான் கீழ எறங்க முடியாதுக்கா" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்றார். என்னோடு ரோடு வரைக்கும் வந்து, அதற்கும் மேலே ஒரு மேட்டில் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்து, டவர் கிடைத்ததும் கள்ளக்குறிச்சியில் யாருக்கோ பேசினார். "என் வேலைதான். நீ போய் முடிச்சிக் குடு. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். நாளைக்கே போ."

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தண்ணியே குடிக்கமாட்டேங்கறாரும்மா. காலைலருந்து ஒரு வாய் எறங்கல. சோறும் வேணாங்கறாரு. இன்னா கேட்டாலும் தலைய ஆட்டறாரு."

எங்கள் வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்தேன். சுட்டது.

அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிறுநீரில் கிருமி என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயதில் என் பெண் மாதிரி இருந்த டாக்டர், "இவருக்குத் தண்ணியே குடுக்கறதில்லையா? வீட்ல எதுக்கு இருக்கீங்க?" என்று சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் போன பிறகு அவரிடம் குனிந்து, "ஏங்க இப்படிப் பண்ணிக்கினீங்க? ஏன் குடிக்கல?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் வாயை அசைத்தார். எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். கடைசியில் குழறிக்கொண்டு வந்தது.

"குடிச்சா... வரும்."

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமில்லை. இவர் அந்த நாற்காலிக்குப் பயந்து செத்துப்போக முடிவு செய்துவிட்டார் என்றே நினைத்தேன். கலியாணம் கட்டிக்கொடுத்த மகள் திருநாவலூரில் பச்சைக்குழந்தையோடு இருந்தாள். போனில் அழுதாள். "நீ வராத, கொழந்தையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வேறு யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

மலையிலிருந்து போனில் சொன்னபடியே புது மேஸ்திரி வந்துவிட்டார். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் வீடு, சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று நான் ஓடினேன். பைப் புதைக்க வேண்டிய அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். இரண்டு பக்கமும் மண் சரிந்து விழுந்தது. "இது வடிஞ்சாதான் வாட்டம் பாத்துப் பைப்பு போட முடியும். ரெண்டு மூணு நாள் ஆவும்" என்றார் மேஸ்திரி.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டேன். திரைக்குப் பின்னால் வைத்த அதே பக்கெட்டால் சேற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். புது மேஸ்திரியோடு வேலைக்கு வந்திருந்த அதே சித்தாள் பெண் எதிர்ப்பக்கம் இறங்கி அன்னக்கூடையால் மண்ணை வாரினாள். பாயம்மா மதில் மேலாகப் பார்த்து, "ஏ, உனக்கு ஜன்னி கண்டுடும்டி, ஏறு" என்று கத்தினார். நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாயம்மா கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லிப் பள்ளத்துக்கு மேலே கட்டவைத்தார். சாயங்காலம் பைப் இறங்கியது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தரை, டைல்ஸ், கதவு. கைப்பிடி பொருத்தும்போது மேஸ்திரி கேட்டார். "எந்தப் பக்கம்மா?"

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கக்கூஸ் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்து, இடது கையை நீட்டி, "இந்தப் பக்கம்" என்றேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். தோளில் தாங்கி, மெதுவாகப் பின்பக்கம் நடத்திப் போனேன். படி இல்லை. கதவில் இரண்டு பேரும் இடிக்காமல் நுழைந்தோம். அவரைத் திருப்பி உட்காரவைத்தேன். முடிந்ததும் எழுவதற்காக அவருடைய நல்ல கை சுவரைத் தேடியது. இடது கை. அந்தச் சுவரில் ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் டைல்ஸ். கைப்பிடி எதிர்ச்சுவரில், செத்துப்போன கையின் பக்கம் பளபளத்துக்கொண்டிருந்தது. என் இடதுபக்கம், என்னைப் பார்த்து எதிரில் உட்காருகிறவருக்கு வலதுபக்கம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை அலைச்சலுக்குப் பிறகும் இப்படியா? வாய்விட்டு அழுதேன். அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிடிக்க வேறு எதுவும் இல்லாததால் அந்த இடது கையால் என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"ஏய்... தூக்கு" என்றார், எரிச்சலாக. எழுந்து தூக்கினேன்.

பழைய மேஸ்திரி காரியம் முடிந்து, தலையில் முள்ளு முள்ளாக முடி முளைத்து வந்து நின்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரே டிரில் மிஷினை எடுத்துக்கொண்டு, இடதுபக்கச் சுவரில் இன்னொரு கைப்பிடி பொருத்த உள்ளே போனார். புது டைல்ஸில் ஒன்று விரிசல் விட்டது. அதே டிசைன் கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் ஒன்றை ஒட்டினார். பிறகு எங்கள் வீட்டுக்காரரை உட்காரவைத்து, "அண்ணே, புடிச்சி எழுந்து காட்டுங்க, நான் தொடமாட்டேன்" என்றார். அவர் பிடித்தார். முகமெல்லாம் சிவந்தது. கால் நடுங்கியது. மூன்றாவது தடவையில் எழுந்தார்.

இப்போதும் அவர் உள்ளே போனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். கிருமி இன்னொரு முறையும் வந்து போனது. ஆட்டோ பக்கமே அவர் போவதில்லை. தாழ்ப்பாளை நான் கழற்றிவிட்டேன், அதில் அவருக்குக் கோபம். "மூடு" என்பார். மூடிக்கொண்டு நிற்பேன். வலதுபக்கக் கைப்பிடியை எடுத்தால் இன்னும் இரண்டு டைல்ஸ் உடையும் என்றார்கள். அதில் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.