வேண்டாம் என்ற தண்ணீர்

கஞ்சிக்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்தவர் அறிமுகம் செய்துகொள்ள வந்தார். தண்ணீர் நீட்டினேன். "வேண்டாங்க" என்று சிரித்துவிட்டு, "உங்க ஊட்டுக்காரரு எந்நேரம் வருவாருங்க?" என்று கேட்டார். முன்பு ஒருவனும் தண்ணீரை மறுத்துவிட்டு இப்படித்தான் கேட்டான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முதலமடையில் மாந்தோப்பை ஒட்டி வீடு. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். முன்பின் தெரியாத ஒருவன் வண்டியை நிறுத்தினான். யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகுதான் பேச்சு என்பது எங்கள் வழக்கம். நீட்டினேன்.

"தண்ணி வேண்டாம் கண்ணு. காய்ப்பு எப்படி?"

"பரவால்லீங்க."

"அப்பன் எங்க?"

"கெணத்து மேட்டுல மருந்தடிக்கறாருங்க. தனியாத்தான் இருக்காரு."

பெரிய மனுஷி போலப் பேசிவிட்ட பெருமையில் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் அலறல் கேட்டது. ஓடினேன். மாம்பிஞ்சுகளின் மேல் ரத்தம் பீய்ச்சி அடித்திருந்தது. வண்டியில் வந்தவனுக்கு வரப்புத் தகராறில் அப்பாமேல் வஞ்சம்; அப்பாவின் வலது கையை மணிக்கட்டோடு வெட்டிவிட்டுப் போயிருந்தான்.

பக்கத்துத் தோப்பு லாரியில் கிடத்தியபோது அப்பா கேட்டது ஒன்றுதான்.

"நம்மூட்டுத் தண்ணியக் குடிச்சானா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"பகையாளி குடிக்க மாட்டான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். டம்ளரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மொதல்ல குடிங்க."

என் குரலில் மிரண்டு மடக்மடக்கென்று குடித்தார். கடைசிச் சொட்டும் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகே சொன்னேன்:

"ஆறு மணிக்கு வந்துருவாருங்க."