ஒர்டென்சியா சுரண்டிய பக்கம்

எதிர்வீட்டு ஒர்டென்சியாவுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் நேப்பிள்ஸில் அவள் கைபடாமல் எந்தப் பழைய குழலிசை ஏடும் அச்சுக்குப் போனதில்லை. அவளுடைய முதலாளி தோன் எலிஜியோ, பழங்காலக் கையெழுத்து ஏடுகளைப் படமெடுத்து அப்படியே புத்தகமாகப் போடுவார். ரெக்கார்டர் என்கிற மரக்குழல் ஊதுகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள்.

அப்படியே என்றா சொன்னேன்? பொய். அந்தக் காலத்துத் தாளில் பின்பக்க மை முன்பக்கம் ஊறித் தெரியும். அதைப் பிலிமில் பிளேடு முனையால் சுரண்டி எடுப்பதுதான் இவள் வேலை. "பளிச்சுனு இருந்தாத்தான் விக்கும், நல்லா சுரண்டும்மா" என்பார் முதலாளி. சுரண்டினாள்.

அப்படி வந்ததுதான் ஒரு பிரபு வீட்டு ஏடு. குழலும் வயலின்களும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. புத்தகம் வெளிவந்த அடுத்த குளிர்காலம் அந்த வீட்டில் தீப்பிடித்து மூல ஏடு சாம்பலாகிவிட்டது. அதற்கப்புறம் ஒருநாள் உல்தெரிகோ என்கிற குழல்காரன் புத்தகத்தோடு கடைக்கு வந்தான்.

"சிஞ்ஞோரா, இங்க பாருங்க. வயலின் எல்லாம் நின்னு குழலுக்கு வழி விடுது. குழலுக்குன்னு ஒண்ணுமே எழுதலையே!"

ஒர்டென்சியா பிலிமை எடுத்து விளக்கில் பிடித்தாள். அந்த இடத்தில் வரிசையாகக் கீறல்கள். எழுதியவனின் பேனாவில் மை தீர்ந்துபோய்க் குழலின் சுரங்கள் அங்கே மங்கலாக விழுந்திருக்க வேண்டும். இவள் பின்பக்க மை என்று நினைத்துவிட்டாள்.

"என்ன இருந்துச்சு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"மடோன்னா, மாதாவே! அழுக்குன்னு நெனச்சத யாருப்பா ஞாபகம் வெச்சுக்குவா?"

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சப் பிரதிகளிலாவது தப்பு நடந்ததென்று ஒரு துண்டுத்தாள் ஒட்டுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினாள்.

"புத்தி கெட்டுப் போச்சா? எழுதினவன் எழுந்து வந்து கேக்கப் போறானா?" என்றார் அவர்.

உல்தெரிகோவாவது வாயைத் திறந்திருக்கலாம். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். கச்சேரியில் அந்த இடம் வந்ததும் குழலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே விட்ட இடைவெளி போலச் சும்மா நின்றான். சபை சொக்கிப்போனது. மற்றக் குழல்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம் தேவாலயத்தில் அதே உருப்படியின் கச்சேரி. வரமாட்டேன் என்றவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்; போயிருக்கக் கூடாது. வயலின்கள் நின்றன. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒர்டென்சியா என் கையை இறுகப் பற்றினாள்.

பக்கத்து நாற்காலி அம்மாள் கண்ணைத் துடைத்தபடி இவள் காதருகே குனிந்தாள். "எழுதின புண்ணியவான் இந்த எடத்தச் சும்மா விட்டான் பாருங்க, அது ஒண்ணு போதும்!"

"அவரு சும்மா விடலைங்க. நான்தான் சுரண்டிட்டேன்" என்றாள் ஒர்டென்சியா.

"ஷ்ஷ்! இந்த எடத்துல போய்ப் பேசுறீங்களே!" என்றாள் அந்த அம்மாள்.