தூளி ஆடும் மசாஜ் அறை

உடம்பு பிடித்துவிடும் வேலையில் ஒரு கஷ்டம் உண்டு: வலி போய்விட்டால் ஆள் திரும்பி வரமாட்டார், வலி போகாவிட்டாலும் திரும்பி வரமாட்டார்.

இதே வேலை செய்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடப்பாடியில் பெண்களுக்கான ஒரு பார்லர், அதன் பின்னால் இருக்கிற சின்ன அறைதான் எனக்கு. படிப்பு ஏழோடு நின்றது. முன்னே தறிக்கூடத்தில் இருந்தேன். கைக்குழந்தையையும் கூட வைத்துக்கொண்டு போனதில் பஞ்சுத்தூசி அவனுக்குச் சேரவில்லை, இருமி இருமி முகம் சிவந்துவிடும். அதனால்தான் இந்த வேலையைப் பழகினேன். போன ஆடியில் எதிரே ஏசி போட்ட புதுப் பார்லர் வந்ததும் எங்கள் கடைக்கார அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "ஒருக்கா வந்தவங்க மறுக்கா வாராப்பல எதாச்சும் புதுசாச் செய்யி கண்ணு. இல்லீன்னா தீவாளிக்குள்ள அந்த ரூமைத் தையக்காரருக்கு உட்ர வேண்டியதுதான்."

தையல் மிஷின் உள்ளே வந்தால் நான் தறிக்குத்தான் திரும்ப வேண்டும்.

கால் வெந்நீர்

முதலில் யோசித்தது இது. ஒரு பேசினில் பதமான வெந்நீர், கல்லுப்பு, கொஞ்சம் வேப்பிலை. நாளெல்லாம் தறிமுன்னால் நின்று வேலை செய்கிற அம்மா ஒருவர் முதுகு பிடிக்க வந்தார். பிடித்து முடிந்ததும் காலை நனைக்கச் சொன்னேன். சுகமாக நனைத்துக்கொண்டார். துடைத்துவிடலாமென்று நான் குனிந்ததுதான் தாமதம், வெடுக்கென்று இரண்டு காலையும் மேலே இழுத்தார். பேசின் கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர்.

"ஒரு புள்ளயப் பெத்தவ, எங்காலத் தொடறதா சாமி!" என்றார். நான் துண்டை நீட்டினேன். அவரே துடைத்தார். வெடித்த குதிகாலைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "என் காலை நானே இத்தன நேரம் பாத்ததில்ல சாமி. பாவம், இதும் நம்மளுதுதானே!"

நலம் விசாரித்தது

அந்த அம்மா அதற்கப்புறம் வரவில்லை. வந்து போனவர்களுக்குப் போன் போட்டு வலி எப்படி என்று கேட்கச் சொன்னார் அக்கா. எனக்கோ புது ஆளிடம் பேசவே கூச்சம். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நம்பரை அழுத்தினேன். தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிற வீட்டு மருமகள் ஒருத்தி, இடுப்புப் பிடிக்க வந்தவள். எடுத்த உடனே கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன்: "ஏனுங்க, மசாஜ் பண்ணின இடுப்பு இப்ப எப்படிங்க இருக்குது?" அந்தப் பக்கமிருந்து வந்தது மாமியார் குரல்: "எவ இடுப்பு?"

கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அந்தப் பெண். ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இரண்டு பேருமே வந்து நின்றார்கள். மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் தானே கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னார்: "கோயிலுக்குப் போனவ குனிஞ்சு நிமுந்து வாசக் கூட்டறா, ஊட்டுல கெடந்த என்னால குனிய முடியல. அது எந்தச் சாமின்னு பாக்கலாம், புடிச்சு உடு."

திரைக்குப் பின்னால்

அதோடு போன் போடுவதை விட்டேன். புரட்டாசி முடிகிற சமயம், தையல்காரர் வந்து அறையை அளந்துகொண்டு போனார். அன்று மத்தியானம் இளம்பிள்ளையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவள் படுத்தால் குழந்தை அழும், எழுந்து தூக்கினால் நிறுத்தும். மறுபடி படுப்பாள், மறுபடி அழும். கடைசியில் முடியை அள்ளி முடிந்துகொண்டு, "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்றாள். அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்குத் தெரியாதா?

வருகிறவர்கள் ஏதாவது நினைப்பார்களென்று என் பையனுக்குத் தூளியைத் திரைக்குப் பின்னால் மறைவாகக் கட்டியிருந்தேன். அவன் அப்போது பாயில் விளையாடிக்கொண்டிருந்தான். வெட்கத்தை விட்டுத் திரையை விலக்கி, அவள் குழந்தையை அதில் போட்டேன். தூளிக் கயிற்றை என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். கை அவள் முதுகில், கால் தூளியில். ஒரு அழுத்து, ஒரு ஆட்டு. குழந்தை தூங்கியது. கல்லாக இருந்த அவள் தோள் மெல்ல இளகியது. எழுந்தவள் உடனே போகவில்லை, கையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். "முதுகுவலி போச்சான்னு தெரியலீங்க. எங்கை ரெண்டும் இத்தன நேரம் சும்மாக் கெடந்துச்சு பாருங்க, அது போதும்."

தையல்காரருக்குச் சொன்ன பதில்

அடுத்த வாரம் அவளே வந்தாள், நாத்தனாரையும் நாத்தனார் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. பிறகு அவர்கள் சொல்லி இன்னும் சிலர். இன்னொரு தூளி கட்டினோம். திரையைக் கழற்றியே விட்டேன். ஒருநாள் தையல்காரர் மிஷினை எப்போது இறக்கலாமென்று கேட்க வந்தார். கடைக்கார அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை தூளியில், ஒன்று பாயில், ஒன்று அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வேற எடம் பாத்துக்குங்கண்ணா, இங்க தூளி கட்டவே எடம் பத்தல."

இப்படியாக ஊரார் முதுகையெல்லாம் நேராக்கிவிட்டு, கயிறு இழுத்து இழுத்துக் கட்டைவிரல் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பிடித்துவிட நான் யாரிடம் போவதென்றுதான் தெரியவில்லை.