முந்திரிக்கொல்லையில் நாற்பது மீட்டர்

சர்க்கரை வந்துவிட்டது, தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மரியாதையோடு கேட்டுக்கொண்டேன். அதே மரியாதையோடு மறந்தும் போனேன். நடப்பதில் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பில் காலையில் நடக்கப் போனால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். வணக்கம் சொல்ல வேண்டும். போகும்போது வணக்கம் சொன்ன அதே ஆள், ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது மறுபடி எதிரே வருவார். அப்போது என்ன செய்வது என்று ஐம்பத்தொரு வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. சிரித்தால் போதும் என்கிறாள் மனைவி. எவ்வளவு சிரிப்பது என்று அவள் சொல்லவில்லை.

இந்தக் கூச்சம் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டு நிலைமைதான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பதினோராம் வகுப்பில் சேர வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய், தெரியாத ஒருவரிடம் விண்ணப்பம் கேட்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். பிறகு சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை கிடைத்தது. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கென்றே தைத்த சட்டை மாதிரியான வேலை.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் என் மகள் போன வருடம் லீவில் வந்தபோது கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கொண்டு வந்தாள். மஞ்சளும் கறுப்புமாக, பழைய காலத்து செல்போன் போலத் தடியாக இருந்தது. அவள் புதியது வாங்கிவிட்டாளாம், பழையது அப்பாவுக்கு. பெரியவர்கள் போட்டுக் கழித்ததைப் பிள்ளைகள் போட்டுக்கொண்டது ஒரு காலம்.

"இத வெச்சு ஜியோகேச்சிங்னு ஒரு விளையாட்டு இருக்குப்பா," என்றாள்.

உலகம் முழுக்க யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார்களாம். அந்த எண்களைக் கருவியில் ஏற்றினால் ஓர் அம்புக்குறி வழி காட்டும். போய் டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் நோட்டுப்புத்தகத்தில் நம் பெயரை எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பரிசு?"

"நடந்தீங்கல்ல, அதான் பரிசு."

"யாராவது பாத்துட்டாங்கன்னா?"

"யாரும் பாக்காம எடுக்கணும்பா. அதான் ரூலே."

நான் இதுவரை கேட்ட விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அன்றைக்கே விளையாட்டில் சேர்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த டப்பா காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரிக்கொல்லையில் என்று இணையம் காட்டியது. ஊர் சுற்ற வந்த யாரோ ஒளித்து வைத்தது. அதன் பிறகு ஒருவரும் அதை எடுத்ததாகப் பதிவில்லை. மகள் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். நானே கருவியில் ஏற்றினேன். அம்பு தென்மேற்கே காட்டியது. காடாம்புலியூர் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. செயற்கைக்கோள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, நான் காடாம்புலியூரைத்தான் சந்தேகப்பட்டேன்.

போனில் கேட்டபோது மகளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, அது பதினோரு டிகிரி நாப்பத்திரண்டு நிமிஷம். நீங்க பதினொண்ணு புள்ளி நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கீங்க. விருத்தாசலத்துக்குத் தெக்க ஏதோ வயல்ல போய் நிப்பீங்க."

திருத்தினேன். அம்பு நல்ல பிள்ளையாக வடக்கே திரும்பியது. நிற்கும்போது அது சுற்றிக்கொண்டே இருக்கும், நடந்தால்தான் திசை நிலைக்கும் என்பதையும் கற்றுக்கொண்டேன். டாக்டர் செய்ய முடியாததை அந்த அம்பு செய்தது.

அடுத்த வார ஓய்வு நாளில் பண்ருட்டி பஸ்ஸில் ஏறிக் காடாம்புலியூரில் இறங்கினேன். பாம்புக்குப் பயந்து வேலைக்குப் போடுகிற சேஃப்டி ஷூவையே போட்டிருந்தேன். ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடந்ததும் முந்திரி மரங்கள் கிளைகளைத் தரைவரை தாழ்த்திக்கொண்டு நின்றன. குனிந்து நுழைந்தேன். எழுபது மீட்டர், அறுபது, ஐம்பது. நாற்பது காட்டும்போது முன்னால் ஒரு பெண் குரல்.

"யாருங்க அது? கொல்லைக்குள்ள என்னா பண்ணிகினு இருக்கீங்க?"

என் வயதுதான் இருக்கும். இடுப்பில் தண்ணீர்க் குடம். நான் நிமிர்ந்தேன், கிளை தலையில் இடித்தது. அவள் பார்வை என் ஷூவுக்குப் போய், கருவிக்கு வந்தது.

"கம்பெனிங்களா?"

"ஆமாங்க."

"மைன்சா?"

"ஆமாங்க, மைன்ஸ்தான்."

"அது என்னா மெஷினு?"

"ஜிபிஎஸ்ஸுங்க."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "எங்க கொல்ல வரைக்கும் வருதா?"

நான் கருவியைப் பார்த்தேன். அம்பு அவளுக்குப் பின்னால் காட்டியது.

"இன்னும் நாப்பது மீட்டர் உள்ள போவுதுங்க," என்றேன்.

அவள் திரும்பி அந்த நாற்பது மீட்டரைக் கண்ணால் அளந்தாள். அங்கே முந்திரி முடிந்து, வெட்டவெளியில் புதிதாக நட்ட பலாக்கன்றுகள் வரிசையாக இருந்தன. அதற்கப்புறம் ஓட்டு வீடு.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உண்மையை மட்டுமே பேசி ஒரு குடும்பத்தை இவ்வளவு கலங்கடிக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கருவியும் கையுமாகக் கம்பெனி ஆள் ஒருவன் கொல்லைக்குள் நுழைந்தால், நிலம் எடுக்க அளக்க வந்திருக்கிறான் என்றுதான் எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாரும் நினைப்பார்கள். இருபத்தேழு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்த எனக்கு அது அந்த இடத்தில் உறைக்கவில்லை. என் கவலையெல்லாம், இந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது டப்பாவை எப்படி எடுப்பது என்பதுதான்.

அவள் கணவர் வந்தார். என்னைச் சார் என்றார். கட்டில் கொண்டு வந்து போட்டார்கள். மோர் வந்தது. நல்ல மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தேன். அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்தபடி நின்றார்கள். எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்களை எனக்குப் பிடிக்கும்.

எழுந்து, "அடுத்த வாரம் வரேங்க," என்றேன். அந்த நிலைமையில் சொல்லக்கூடியவற்றில் அதைவிட மோசமான வாக்கியம் வேறு கிடையாது.

சொன்னபடி அடுத்த வாரம் போனேன். பஸ் நிறுத்தத்தில் இருந்த டீக்கடையில் ஒரு டீ சொன்னேன். சர்க்கரை இல்லாமல் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சர்க்கரையோடு. கடைக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குப் போர் போடுற வண்டி மெனக்கெட்டு கொல்ல வாசல் வரைக்கும் வந்துச்சுப்பா. அந்தம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. மைன்சுக்காரன் மெஷினோட வந்து அளந்துட்டுப் போயிட்டானாம். எடுக்கப் போற நெலத்துல எவன் போர் போடுவான்? கன்னுங்களுக்கு ரோட்டுக் கொழாய்லேருந்து கொடத்துல தூக்கி ஊத்திகினு கெடக்குறாங்க. எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

"எப்படி இருந்தானாம் ஆளு?"

"பேசவே மாட்டேன்றானாம். கல்லு மாதிரி உக்காந்து மோர் குடிச்சானாம். பெரிய ஆபீசரா இருப்பான்."

என்னை ஆபீசர் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்ப்பக்கம் நெய்வேலி பஸ் வந்து நின்றது. உள்ளதைச் சொல்கிறேன், சாலையைத் தாண்டி அந்தப் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். ஏறியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன், கருவியைப் பரண்மேல் போட்டிருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கன்றுகள் சித்திரை வெயிலில் நின்றிருக்கும். "ஏறுறீங்களா, இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். காலை எடுத்துவிட்டேன்.

கொல்லைக்குப் போனபோது அவள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சில கன்றுகளில் இலைகள் சுருண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் கணவரைக் கூப்பிட்டாள். கட்டில் மறுபடி வந்தது. நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

"நான் அளக்க வரலீங்க, ஒரு டப்பாவத் தேடி வந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டப்பாவுல என்னா இருக்கு?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "தங்கமா?"

"இல்லீங்க. ஒரு சின்ன நோட்டுப்புத்தகம், பென்சில்."

"அத எடுத்துகினு போயி?"

"எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க. பேர எழுதிட்டு அங்கயே வெச்சிடணும்."

"அதுக்குக் கம்பெனியில சம்பளம் தர்றாங்களா?"

"இல்லீங்க. வெளையாட்டு."

"வெளையாட்டு," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். என் நரைத்த தலையையும் தொப்பையையும் பார்த்தார். "சார், நெலத்த எடுக்கிறதுன்னா எடுத்துக்கங்க. எங்கள இப்டிக் கேலி பண்ணாதீங்க."

அவர்கள் என்னை நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வேறு வழியில்லாமல் டப்பாவை வர்ணித்தேன். பச்சை நிறம், உள்ளங்கை அகலம், நாலு பக்கமும் கிளிப் போட்ட மூடி, ஒரு பட்டுப்போன மரத்தின் பொந்துக்குள் இருக்கும் என்று இணையத்தில் போட்டிருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. வீட்டுக்குள் போனாள். கையில் பச்சை டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"இதுங்களா?"

திறந்தாள். உள்ளே பீர்க்கை விதையும் அவரை விதையும் தனித்தனித் துணியில் முடிந்து கிடந்தன.

"சுள்ளி பொறுக்கப் போனப்ப கெடச்சுது. எறும்பு ஏறாத டப்பாவா இருக்குதேன்னு வெத போட்டு வெச்சிகினேன்." அடியிலிருந்து சின்ன நோட்டுப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். "இத மட்டும் ஏனோ தூக்கிப் போட மனசு வரல."

முதல் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தடவித் தடவிப் படித்துச் சொன்னேன். இது ஒரு விளையாட்டு, தெரியாமல் எடுத்திருந்தாலும் சந்தோஷம், மறுபடி வைத்துவிடுங்கள் என்பது சாரம்.

"அது இங்கிலீஷு சார்," என்றார் கணவர். "நீங்க எப்டி வேணாலும் படிப்பீங்க."

கடைசியாக மகளைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொல்லி, இவங்ககிட்ட நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. இடையில் மூச்சு வாங்கி, "அப்பா... மோர் வேற குடிச்சீங்களா..." என்று கேட்டு, மறுபடி சிரித்தாள். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. முந்திரிக்கொல்லை முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. நான் தரையைப் பார்த்தபடி போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள், கணவரிடம். "பெத்த பொண்ணே இப்டிச் சிரிக்குதுன்னா நெசமாத்தான் இருக்கும்ங்க. ஆபீசரா இருந்தா எந்தப் பொண்ணு இப்டிச் சிரிக்கும்?"

கட்டிலில் அவரே உட்கார்ந்துவிட்டார். "அட போய்யா," என்றார். 'சார்' அதோடு போய்விட்டது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வாரமா எனக்கு ராத்தூக்கம் இல்ல. இவ கொடம் தூக்கியே தோள்பட்ட எறங்கிப் போச்சு."

"தப்புதாங்க," என்றேன். அதற்கு மேல் சொல்ல நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

நோட்டில் பெயர் எழுதப் பென்சிலை எடுத்தேன். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணே, மொதல்ல கண்டுபுடிச்சது யாரு?"

நியாயம்தான். நோட்டைக் கொடுத்தேன். அவள் கட்டிலில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது வரியில் நான் எழுதினேன். டப்பாவைத் தர முடியாது, விதைக்கு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நோட்டையும் பென்சிலையும் ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுத்தாள். பொந்தை அவளே காட்டினாள். யாரும் பார்க்காமல் வைக்க வேண்டும் என்ற விதியை நான் சொல்லவில்லை. மூன்று பேரும் நின்று பார்க்கத்தான் வைத்தேன்.

திரும்பி வரும்போது கணவர் போனை எடுத்துப் போர்க்காரரை அழைத்தார். மறுமுனையில் திட்டு விழுந்திருக்க வேண்டும், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாய்யா, ஆமா. நாளைக்கே வண்டிய அனுப்பு. நெலமெல்லாம் யாரும் எடுக்கல... அந்த ஆளா? ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. டப்பா தேடுற ஆளாம்... எனக்கென்னாய்யா தெரியும், இங்கதான் நிக்கிறாரு, நீயே கேளு."

போனை என்னிடம் நீட்டினார். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச வேண்டும். வாங்கிக் காதில் வைத்தேன்.

"வணக்கங்க," என்றேன்.