கூண்டுப் பறவையைப் பார்க்காதவர்

என் அக்கா புருஷனுக்குக் கண்தான் பிழைப்பு. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளறையில் எழுத்துப் பலகையை மாட்டி, வருகிறவர் மூக்கின்மேல் கனத்த இரும்புச் சட்டத்தை ஏற்றி, ஒவ்வொரு கண்ணாடி வில்லையாகச் செருகி, தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்பார்: "இது தெளிவா, அது தெளிவா?" நாள் முழுக்க இதே கேள்விதான். லீவு நாளில் தெரிந்தவர்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அப்போது எங்கள் முன்னறையிலும் அதே செருமல், அதே கேள்வி.

தொழிலில் கெட்டிக்காரர். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். அவரிடம் கண்ணாடி போட்டவர்கள் யாரும் தடுக்கி விழுந்ததில்லை. ஊருக்கெல்லாம் கண்ணைத் திறந்துவைத்த மனிதர், தன் வீட்டில் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் அந்த வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிற வேலை, அதனால் வாய்க்குப் பஞ்சமில்லை. அக்கா முறைத்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

நாற்பதைத் தாண்டினால் சிலருக்குச் சர்க்கரை வரும். அத்தானுக்குப் பறவை வந்தது. கழுத்தில் பைனாகுலர், சேற்று நிறத்தில் பதினெட்டுப் பை வைத்த ஒரு மேல்சட்டை, காதை மூடும் தொப்பி. விடிந்தால் ஏரிக்கரை, இல்லாவிட்டால் பூங்கா. பறவை பார்க்கிறவர்கள் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். அதற்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், ஆனால் யாரைப் பார்த்தாலும் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்.

பறவையைப் பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை. அத்தானிடம் உள்ள கோளாறு என்னவென்றால், "தெரியாது" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. எதைக் காட்டினாலும் அந்த நிமிடமே பெயர் சொல்லிவிடுவார். ஒரு தடவை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் அபூர்வ ஆந்தை உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, பாதி சங்கத்தையே எங்கள் மாடிக்கு வரவழைத்துவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆந்தை அசையவே இல்லை. கடைசியில் ஒரு பிளம்பர் ஏறி வந்து, தொட்டி மூடியின்மேல் இருந்த அந்தச் செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். அத்தான் அசந்தாரா? "ஆந்தை இப்பத்தான் பறந்துச்சு. நீங்க கவனிக்கல. அது உக்காந்த எடத்துல யாரோ கல்லை வச்சிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பெயர் கழுகுக்கண். அதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டார்.

அக்காவிடம் ஒரு மைனா இருந்தது. இறகு முளைக்காத குஞ்சாகக் குளியலறை ஜன்னலுக்கு வெளியே விழுந்து கிடந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற சின்னக் குப்பி ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து, பாலில் ரொட்டியைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டி ஆளாக்கினாள். அந்தச் சாப்பாட்டில் சத்துப் போதாமல், முளைத்த இறகில் பாதி வெள்ளையாக முளைத்தது. தலையில் ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு பக்கச் சிறகு முழுக்க வெள்ளை. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "இது வெளியில பொழைக்காதும்மா, பறக்கவும் சரியா வராது. நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். பின்பக்க வராந்தாவில் கூண்டு வந்தது. பகலில் கூண்டுக்கதவு திறந்தேதான் இருக்கும். மைனா அக்காவின் தோளில் உட்கார்ந்து வீடு முழுக்கச் சுற்றும். அத்தான் பகலெல்லாம் கடையில், மற்ற நேரமெல்லாம் ஏரிக்கரையில். அக்காவிடம் நாலு வார்த்தை பேசிய ஜீவன் அது ஒன்றுதான்.

அத்தானோ அந்த மைனாவை ஒருநாளும் பார்த்ததில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன், ஒரே ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை! "கூண்டுப் பறவையைப் பாக்கறது கூண்டுக்கு ஓட்டுப் போடற மாதிரி" என்பது அவர் கொள்கை. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா மைனாவைக் கூண்டில் அடைத்துவிட வேண்டும். பின்பக்கம் முகம் கழுவப் போனால், துண்டைக் கன்னத்தோரம் தொங்கவிட்டுக்கொண்டு, கடிவாளம் போட்ட குதிரை மாதிரிப் போவார், வருவார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அந்த வருஷம் சங்கத்தில் துணைத் தலைவர் பதவி காலியானது. அத்தானுக்கு அதன்மேல் ஒரு கண். கூட்டத்தில் யாரோ வாய்க் கொழுப்பெடுத்து, "வீட்டுல கூண்டு வச்சிருக்கிறவர் இங்க பதவிக்கு வரலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில், அக்கா எழுந்திருக்கும் முன்பே, துணி மூடியிருந்த கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்து சாவகாசமாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கூண்டு எங்கே?" என்றாள் அக்கா.

"விடுதலை குடுத்துட்டேன்."

"அய்யோ! அதுக்குப் பறக்கவே சரியா வராதே! காக்கா கொத்திப் போட்டுடுமே! எப்படிப் போச்சுன்னு பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கறேன்? கதவைத் திறந்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். படபடன்னு சத்தம் கேட்டுச்சு. போயிடுச்சு."

"எங்கே விட்டீங்க, அதையாவது சொல்லுங்க."

"சொன்னா போய்ப் பிடிச்சுட்டு வந்துடுவே. இயற்கை அதைப் பாத்துக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "தங்கம், தங்கம்" என்று மரத்துக்கு மரம் கூப்பிட்டாள். எங்கெல்லாம் காகம் கத்தியதோ அங்கெல்லாம் ஓடினாள். பசி அவளுக்கு உறைக்கவில்லை. பொழுது சாயும்போது குரல் கம்மிப்போய், வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "அதுக்குத் தானா எடுத்துத் திங்கவே தெரியாதுடி" என்றாள். அத்தான் பக்கத்து அறையில் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் செல்போனில் அவர் அனுப்பிய படம் வந்து விழுந்தது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். 'என் கண்டுபிடிப்பு. கடல் தாண்டி வழிதவறி வந்த பனிநாட்டுப் பறவை. இந்த மண்ணில் முதல்முறையாக. உடனே பூங்காவுக்கு வரவும்.' படத்தில், ஒரு தாழ்ந்த கிளையில், தலையில் வெள்ளைத் திட்டும் ஒரு பக்கம் வெள்ளைச் சிறகுமாக எங்கள் மைனா ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அக்கா ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்! சொட்டு மருந்துக் குப்பியில் அவசரமாகப் பாலை நிரப்பிக்கொண்டு, காலுக்கொன்றாக ஜோடி மாறிய செருப்போடு ஓடினாள்.

பூங்காவில் திருவிழாக் கூட்டம். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சின்னப் பீரங்கி அளவுக்குக் கேமராக்கள். நடுவில் அத்தான், புது மாப்பிள்ளை தோற்றார்.

"பாருங்க, நாம இவ்வளவு கிட்ட இருந்தும் பறந்து போகல. ஏன்? இதுவரைக்கும் மனுஷ முகத்தையே பாத்ததில்ல. அதான் பயம்னா என்னன்னு தெரியல" என்று விளக்கிக்கொண்டிருந்தார். சங்கத்தார் மூக்கின்மேல் விரல் வைத்துக் கேட்டார்கள்.

மேல்கிளையில் காகங்கள் சேர ஆரம்பித்திருந்தன. ஒன்று இறங்கி மைனாவின் வாலை இழுத்தது. மைனா தத்தித் தத்தி நகர்ந்தது. "விரட்டுங்களேன்!" என்று நான் கத்தினேன். ஒரு கேமராக்காரர் என்னைப் பார்த்து, "உஷ்! இயற்கையில தலையிடக் கூடாதுங்க" என்றார். காகம் மறுபடி இறங்கியது.

அக்கா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பல் டாக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"அம்மா, நில்லுங்க! அபூர்வப் பறவை, பறந்துடும். யாரு இந்தம்மா? கூட யாராவது வந்திருக்காங்களா?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"தெரியலையே" என்றார்.

தெரியாது என்ற வார்த்தை அந்த மனிதர் வாயிலிருந்து வந்து கேட்டது அன்றைக்குத்தான். கட்டின பொண்டாட்டியைப் பற்றி அதைச் சொன்னார்! அக்கா டாக்டரின் கையை விலக்கிவிட்டு, மரத்தடிக்குப் போய், அந்தக் குப்பியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"தங்கம், வா."

மைனா கழுத்தை நீட்டியது. பிறகு அரைகுறையாகச் சிறகடித்து, பறந்ததா விழுந்ததா என்று சொல்ல முடியாதபடி வந்து, அவள் தலையில் உட்கார்ந்து, மஞ்சள் அலகை அகலத் திறந்தது. அக்கா சொட்டுச் சொட்டாகப் பாலை விட்டாள். கூட்டத்தில் ஒரு கேமராகூட 'கிளிக்' என்று சொல்லவில்லை.

இரண்டு வாய் குடித்ததும் மைனாவுக்குத் தெம்பு வந்தது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இது தெளிவா, அது தெளிவா?"

அச்சு அசலாக அத்தான் குரல்! அங்கிருந்த பாதிப் பேர் அவரிடம் கண்ணாடி போட்டவர்கள். பல் டாக்டரும்தான். அத்தனை கண்ணாடிகளும் ஒரே சமயத்தில் அத்தான் பக்கம் திரும்பின. மைனா விடவில்லை, மறுபடி செருமிவிட்டு மறுபடி கேட்டது. அத்தான் திருதிருவென விழித்தார். "சில வெளிநாட்டுப் பறவைங்க மொழியைச் சீக்கிரம் பிடிச்சுக்கும்" என்று பூசி மெழுகப் பார்த்தார். யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பூங்காவே சிரித்தது. பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் கையிலிருந்த குப்பியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மைனாவுக்கு முன்னறையில் இடம் போட்டாள். நாற்காலியின் முதுகில் ஒரு பழைய துண்டு, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். அது அத்தான் உட்காருகிற நாற்காலி. மைனா அதன்மேல் ஏறி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அலகால் ஒவ்வோர் இறகாகக் கோதிவிட்டது. வாலில் இரண்டு இறகு குறைந்திருந்தது.

இருட்டுகிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. அக்கா போய்க் கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து, நிதானமாகப் பார்த்தாள்.

"யாருக்கா?" என்றேன்.

"தெரியலையே" என்றாள்.

"நான்தான், கதவைத் தெற" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து மைனா தொண்டையைச் செருமியது. "இது தெளிவா, அது தெளிவா?"

அக்கா தாழ்ப்பாளில் கை வைக்காமல், கதவைப் பார்த்துச் சொன்னாள்: "யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்காரு. சத்தம் கேக்கல?"