அடம்புக்கொடி பிடுங்காத இடம்

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி வைத்திக்குப்பத்துக்கு வந்தேன். கடல் அப்போதே வருஷாவருஷம் கரையைத் தின்றுகொண்டிருந்தது. மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் எங்கள் கடற்கரைக்குத்தான் தீர்த்தவாரிக்கு வரும். சாமி தூக்குபவர்களின் காலில் சிக்கக்கூடாது என்று, மணலில் படர்ந்த அடம்புக்கொடியை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்து வேரோடு பிடுங்குவோம். வந்த முதல் வருஷம் நான் என் பங்கில் பாதியைப் பிடுங்காமலேயே எழுந்து வந்துவிட்டேன். வெயில் அப்படி.

"சாமி வர்ற எடத்துல சோம்பேறித்தனமா?" என்று மாமியார் திருவிழா முடியும்வரை திட்டினார்.

அந்த வருஷ ஐப்பசிப் புயலில் கடல் ஏறி வந்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாங்கள் துடைத்து வைத்த கரை முழுவதும் அறுந்து போயிருந்தது. கொடி கிடந்த என் பாதிப் பங்கில் மட்டும் மணல் மேடாக நின்றது. அதன் பின்னால் மூன்று கட்டுமரங்கள் பத்திரமாக இருந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். மழை விடுவதற்குள் குப்பமே கொடியை வெட்டி வந்து கரையெங்கும் நட்டது. சாமிக்கு ஒரே ஒரு பாதை விட்டோம்.

அடுத்த மாசியில் சில பெண்கள் அந்தப் பாதையை அகலமாக்கப் போனார்கள். மாமியார் குறுக்கே நின்றார்.

"கைய வைக்காதீங்கடி. எம் மருமவ மாதிரி கொஞ்சம் சோம்பேறியா இருங்க."