வாந்தி மீட்டர்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மீட்டர். வீடியோ கேம் தயாரிக்கும் இடம் அது. வெளியே விடுமுன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை. "விளையாடுறதுக்குச் சம்பளமா? கொடுத்து வெச்சவ" என்பான் அண்ணன். வீட்டுக்கு வந்ததும் அவள் பாத்ரூமுக்கு ஓடுவது அவனுக்குத் தெரியாது.

இப்போது தயாராகிக்கொண்டிருக்கும் விளையாட்டில் திரைதான் நாயகனின் கண். அவன் நடந்தால் படம் குலுங்கும். ஓடினால் புயலில் தோணிதான். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். வேண்டாதவர்கள் குலுக்கலை நிறுத்திக்கொள்ள ஓர் ஆப்ஷன் வைக்கச் சொன்னாள். விளையாட்டின் இயக்குநர் சிரித்தார்.

"நடந்தா தலை ஆடும்மா. நிஜம்னா அப்படித்தான்."

"நானும் பஸ் ஸ்டாப்ல இருந்து நடந்துதான் சார் வர்றேன். தெரு ஆடலையே."

"பழகிடும்."

பழகவில்லை. அதைவிடக் கொடுமை, அவள் வயிற்றையே அவர் அளவுகோலாக்கிக்கொண்டது. எதை மாற்றினாலும் முதலில் அவளைத்தான் உட்கார வைப்பார். வாயைப் பொத்திக்கொண்டு அவள் எழுந்தால், "பிரமாதம், நிஜம் வந்துடுச்சு" என்று கைதட்டுவார். பக்கத்து மேசைப் புரோகிராமர், "மீட்டரக்கா, இன்னைக்கு எத்தனை மார்க்?" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு குப்பைக்கூடையைக் காலருகே இழுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "என்னோடதுல ஆடு, மீட்டிங் இருக்கு" என்று இயக்குநர் கிளம்பினார். கூடையையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். காட்டைத் தாண்டினாள், பாலத்தைத் தாண்டினாள், தலைதெறிக்க ஓடினாள். குமட்டவே இல்லை. உடம்பு தேறிவிட்டதோ என்றுகூட நினைத்தாள். பிறகுதான் உறைத்தது: படம் ஆடவே இல்லை.

புரோகிராமரைக் கூப்பிட்டாள். அவன் பேந்தப் பேந்த விழித்தான். "தலை சுத்துதுன்னாரு. சார் மெஷின்ல மட்டும் நிறுத்திக் கொடுத்தேன்க்கா. போன வருஷமே."

போன வருஷமே. அவளைக் குடல் புரட்ட வைத்த நிஜத்தை அந்த மனிதர் ஒரு தரம்கூட முழுசாக ஆடிப் பார்த்ததில்லை. உச்சந்தலை வரை எரிந்தது அவளுக்கு.

இயக்குநர் திரும்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிம்மா, என் சீட்டு."

"ஆப்ஷன் எல்லாருக்கும் வர்ற வரைக்கும் இங்கதான் சார் ஆடுவேன். என் மெஷின் சரியாயிடுச்சு. நீங்க அங்க ஆடுங்க. நிஜமா இருக்கும்."

அறையே காதைத் தீட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல், ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவர் போய் உட்கார்ந்தார். நாயகன் ஓடத் தொடங்கினான். சற்று நேரத்தில் அவர் முகம் வெளுத்தது; ஒரு கை மேசைக்கடியில் துழாவியது.

"கூடை எங்கம்மா?"

கூடை அவள் காலடியில் இருந்தது. அவள் குனியவில்லை.

"ஆப்ஷன் எங்க சார்?"